ஸ்மோக்கி கரடி பாட்டைப் பத்தி பேசறப்போ எல்லாரும் பண்ற தப்புகள்

அமெரிக்காவுல காட்டுத்தீ விழிப்புணர்வுக்குன்னே ஒரு கரடி இருக்கு. நீல ஜீன்ஸ், அகலமான தொப்பி, கைல ஒரு மண்வெட்டி. அங்க அரசாங்கக் காடு பக்கமா கார்ல போனவங்க ரோட்டோரத்துல பாத்திருப்பீங்க, இன்னிக்கு தீ அபாயம் எவ்வளவுன்னு பச்சைலேந்து சிவப்பு வரைக்கும் முள்ளு காட்டற போர்டு பக்கத்துல நின்னுட்டு இருக்கும். இந்தக் கரடியோட கதையும் அமெரிக்கப் பாட்டோட கதையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிப் போச்சு, அதுனாலயே இதைப் பத்தி வீடியோ போடறவங்க, க்விஸ் கேள்வி எடுக்கறவங்க, கன்ட்ரின்னு சொல்ற பழைய அமெரிக்க கிராமத்துப் பாணிப் பாட்டுக்கு குறிப்பு எழுதறவங்க எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்றாங்க. எனக்கு 1940, 50கள்ல வந்த அமெரிக்கப் பாட்டு மேல ரொம்ப பிரியம், இந்தத் தப்பையெல்லாம் திரும்பத் திரும்ப பாக்கறப்போ மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

முதல் தப்பு பேர்லயே ஆரம்பிக்குது. தமிழ்ல எழுதறப்போ இதுல ஒரு சின்ன சங்கடம் வேற, கரடிக்கு இங்கிலீஷ்ல 'பேர்', நமக்கோ பேர்னா பெயர். அதுனால இங்க மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. அந்தக் கரடியோட அதிகாரப்பூர்வமான பெயர் 'ஸ்மோக்கி பேர்'. நடுவுல எதுவும் கிடையாது. ஆனா அமெரிக்காவுல பத்து பேரைக் கேட்டா பாதிக்கு மேல 'ஸ்மோக்கி த பேர்'னு தான் சொல்லுவாங்க, வயசானவங்கன்னா கேக்கவே வேணாம். அந்த 'த' எங்கேந்து வந்துது? ஒரு பாட்டுலேந்து. 1952-ல ஸ்டீவ் நெல்சன், ஜாக் ராலின்ஸ்னு ரெண்டு பேர் சேந்து இந்தக் கரடியை வெச்சு ஒரு பாட்டு எழுதினாங்க, அவங்க போட்ட தாளத்துக்கு 'ஸ்மோக்கி பேர்' உட்காரல, ஒரு அசை குறைஞ்சுது, அதை ரொப்பறதுக்காக நடுவுல ஒரு 'த' போட்டாங்க. அவ்வளவு தான் விஷயம். மெட்டுக்கு வார்த்தை உட்காரணும்னா என்னென்ன பண்ணுவாங்கன்னு சினிமாப் பாட்டு கேட்டு வளந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நம்ம இலக்கணத்துல இதுக்கு தனியா ஒரு பெயரே வெச்சிருக்காங்க, இசைநிறைன்னு. பொருளுக்காக இல்லாம ஓசை நிறையறதுக்காக வர்ற சொல். தொல்காப்பியம் இடையியல்ல படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த 'த' ஒரு அசல் இசைநிறை.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, அதே 1952-ல தான் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தக் கரடிக்குன்னு தனியா ஒரு சட்டமே போட்டுது, ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டார், அந்தச் சட்டத்துல 'ஸ்மோக்கி பேர்'னு 'த' இல்லாம தெளிவா இருக்கு. ஒரே வருஷம், ஒரு பக்கம் சட்டம், ஒரு பக்கம் பாட்டு. ஜனங்க வாயில நின்னது பாட்டு தான். காட்டு இலாகாக்காரங்க எழுபது வருஷமா 'த' கிடையாது, 'த' கிடையாதுன்னு திருத்திட்டே இருக்காங்க.

அதுனால நீங்க எழுதறப்போ ரெண்டையும் கலக்காதீங்க. கரடியைப் பத்தி சொன்னா 'ஸ்மோக்கி பேர்', இல்ல தமிழ்ல ஸ்மோக்கி கரடின்னு சொல்லிடலாம். பாட்டோட தலைப்பைச் சொல்றப்போ மட்டும் 'ஸ்மோக்கி த பேர்'. பாட்டு தலைப்புலேந்து 'த'வை எடுக்கறதும் தப்பு தான், ஏன்னா பாட்டோட உண்மையான தலைப்பு அது. சில பேர் திருத்தறேன்னு சொல்லி பழைய ரெக்கார்டோட தலைப்பையே மாத்தி எழுதிடறாங்க, அது வேண்டாம். 1966-ல ராங்கின் பாஸ் கம்பெனி எடுத்த டிவி ஸ்பெஷல் தலைப்புல 'த' இருக்கு, அதே கம்பெனி 1969-ல எடுத்த கார்ட்டூன் தொடர் பெயர்ல கரடிக்கு நடுவுல 'த' இல்ல, அப்படியே தான் எழுதணும்.

அடுத்தது, பாட்டை எழுதின ரெண்டு பேரையும் வெறும் குழந்தைப் பாட்டு ஆளுங்கன்னு ஒதுக்கிடறது. இது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். நெல்சனும் ராலின்ஸும் 1950-லயே ரெண்டு பெரிய ஹிட் குடுத்தவங்க, பனிமனிதன் ஃப்ராஸ்டி பாட்டும் ஈஸ்டர் முயல் பீட்டர் காட்டன்டெய்ல் பாட்டும் அவங்களோடது, ரெண்டையும் பாடினது ஜீன் ஆட்ரி. தலைப்பை கவனிங்க, 'ஃப்ராஸ்டி த ஸ்னோமேன்', 'ஸ்மோக்கி த பேர்', ஒரே அச்சு. முதல்ல ஒரு செல்லப் பெயர், அப்பறம் 'த', அப்பறம் அது என்னங்கறது. ஒரு தடவை ஜெயிச்ச வார்ப்பு கைல இருந்துது, கரடியையும் அதே வார்ப்புல ஊத்திட்டாங்கன்னு தான் எனக்குத் தோணுது. ஆனா இவங்க அதோட நிக்கல. எடி ஆர்னால்ட் 1948-ல பாடி கன்ட்ரி சார்ட்ல முதல் இடத்துக்குப் போன 'பொக்கே ஆஃப் ரோஸஸ்' பாட்டு நெல்சன் இன்னொருத்தரோட சேந்து எழுதினது, ஹேங்க் ஸ்னோ 1954-ல பாடின 'ஐ டோன்ட் ஹர்ட் எனிமோர்' ராலின்ஸ் இன்னொருத்தரோட எழுதினது. காதல் தோல்வியை எழுதத் தெரிஞ்ச கைங்க தான் இந்தக் கரடிப் பாட்டையும் எழுதிச்சு.

பாடினது யாருன்னு கேட்டா ஒரே ஒருத்தர் பெயரைச் சொல்லி முடிச்சுடறாங்க, அதுவும் சரியில்ல. 1952-ல எடி ஆர்னால்டும் பாடியிருக்கார், ஜீன் ஆட்ரியும் பாடியிருக்கார். அந்தக் காலத்துல ஒரு பாட்டு நல்லா இருந்தா நாலு கம்பெனி நாலு பாடகரை வெச்சு உடனே ரெக்கார்ட் போடறது சகஜம், இன்னிக்கு மாதிரி பாட்டுன்னா ஒருத்தரோட சொத்துன்னு கிடையாது. அதுனால 'ஒரிஜினல் பாடகர் இவர் தான், மத்தவர் கவர் பண்ணார்'னு எழுதறவங்க கொஞ்சம் யோசிக்கணும், அந்த வார்த்தையே அப்போதைய வழக்கத்துக்கு சரியா பொருந்தாது. இன்னொண்ணு, ஜீன் ஆட்ரியை வெறும் கிறிஸ்மஸ் பாட்டுக்காரர்னு நினைக்கறவங்க இருக்காங்க. அவர் குதிரை மேல உக்காந்து கிடார் வாசிக்கற சினிமா கவ்பாய், 1949-ல ருடால்ஃப் கலைமான் பாட்டு பாடினப்பறம் தான் குழந்தைங்க பக்கம் பெரிய மார்க்கெட் இருக்குன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. அந்த ருடால்ஃபே 1939-ல ஒரு கடை, மான்ட்கோமரி வார்டு, வாடிக்கையாளர் வீட்டுப் பசங்களுக்கு இலவசமா குடுத்த புஸ்தகத்துலேந்து வந்தது தான். விளம்பரத்துக்குப் பொறந்த மிருகம் பாட்டாகி பாட்டுனால அழியாம போறது அப்போ ஏற்கனவே நடந்துட்டு இருந்த விஷயம், ஸ்மோக்கி அந்த வரிசைல வந்த கரடி.

இப்போ எல்லாத்தையும் விட அதிகமா நடக்கற தப்புக்கு வரேன். நெருப்புலேந்து காப்பாத்தின ஒரு குட்டிக் கரடியைப் பாத்து தான் இந்தச் சின்னத்தையே உருவாக்கினாங்கன்னு சொல்றது. கேக்க நல்லா இருக்கும், ஆனா தலைகீழ். போஸ்டர் கரடி பொறந்தது 1944 ஆகஸ்ட் 9. அமெரிக்க காட்டு இலாகாவும் அப்போ போர்க்கால விளம்பரக் கவுன்சில்னு இருந்த அமைப்பும் சேந்து முடிவு பண்ணாங்க, ஆல்பர்ட் ஸ்டாலேங்கற ஓவியர் முதல் படத்தை வரைஞ்சு குடுத்தார், அதுல கரடி தொப்பியும் ஜீன்ஸும் போட்டுட்டு முகாம் நெருப்பு மேல வாளியிலேந்து தண்ணி ஊத்திட்டு இருக்கும். 'ஸ்மோக்கி'ங்கற பெயர் நியூயார்க் தீயணைப்புத் துறைல 'ஸ்மோக்கி' ஜோ மார்ட்டின்னு பேரெடுத்த ஒரு அதிகாரியோட ஞாபகமா வெச்சதுன்னு சொல்லுவாங்க.

உயிரோட இருந்த கரடி வந்தது ஆறு வருஷம் கழிச்சு. 1950 மே மாசம், நியூ மெக்சிகோ மாநிலம், லிங்கன் நேஷனல் ஃபாரஸ்ட்ல கேப்பிட்டன் மலைப் பக்கம் பெரிய தீ, 17,000 ஏக்கர் எரிஞ்சு போச்சு. தீயணைக்கப் போனவங்கள்ல டெக்சாஸ் ஃபோர்ட் ப்ளிஸ் முகாம்லேந்து வந்த சிப்பாய்ங்களும் உண்டு, ஒரு கூட்டம் நெருப்புக்கு நடுவுல மாட்டிகிட்டு பாறைச் சரிவுல முகம் குப்புறப் படுத்து தப்பிச்சாங்க. அந்தத் தீயில தான் ஒரு குட்டி, கருகின மரத்துல தொத்திகிட்டு, பாதமும் பின்னங்காலும் வெந்து போய் கெடச்சுது. முதல்ல அதுக்கு வெச்ச பெயர் ஸ்மோக்கி கிடையாது, 'ஹாட்ஃபுட் டெடி', சுடுகால் டெடின்னு வெச்சுக்கலாம். மாநில வனவிலங்குத் துறை அதிகாரி ரே பெல் அதை விமானத்துல சான்டா ஃபேக்கு எடுத்துட்டுப் போனார், வைத்தியம் பாத்து அவர் வீட்லயே வெச்சு குடும்பமா வளத்தாங்க. ஏற்கனவே போஸ்டர்ல இருந்த பெயரை அப்பறமா தான் இந்தக் குட்டிக்கு வெச்சாங்க. அந்த வருஷமே வாஷிங்டன் நேஷனல் ஜூவுக்கு குட்டி விமானத்துல அனுப்பினாங்க, அங்க 26 வருஷம் இருந்துச்சு. குழந்தைங்க எழுதற கடுதாசி குவிஞ்சு 1964-ல தபால் துறை அதுக்குன்னு தனி பின்கோடே குடுத்துச்சு, 20252. 1976 நவம்பர்ல செத்துப் போச்சு, உடம்பை கேப்பிட்டன் ஊருக்கே கொண்டுட்டு வந்து புதைச்சாங்க.

ஏன் இவ்வளவு பேர் வரிசையை மாத்தி நினைக்கறாங்கன்னா, பாட்டு வந்தது 1952, குட்டி கெடச்சு ரெண்டு வருஷம் தான் ஆச்சு, ஜூவுல கூட்டம் அலைமோதற நேரம். பாட்டு கேட்ட பசங்களுக்கு கரடின்னா அந்த ஜூ கரடி தான். அப்பறம் வந்த டிவி, பொம்மை எல்லாம் சேந்து குட்டியையும் போஸ்டரையும் ஒண்ணாக்கிடுச்சு. அப்போ விக்க ஆரம்பிச்ச ஸ்மோக்கி பொம்மையோட ஒரு கார்டு வரும், அதை ரொப்பி அனுப்பினா 'ஜூனியர் ஃபாரஸ்ட் ரேஞ்சர்' ஆகலாம், லட்சக்கணக்குல பசங்க சேந்தாங்க.

இதோட ஒட்டிகிட்டு இன்னொரு தப்பும் வரும், ஜப்பான்காரங்க பறக்கவிட்ட வெடிகுண்டு பலூனுக்காகத் தான் ஸ்மோக்கியை உருவாக்கினாங்கன்னு. தேதியைப் பாத்தாலே தெரிஞ்சுடும். பலூன் அனுப்ப ஆரம்பிச்சது 1944 நவம்பர்ல, கரடி அதுக்கு முன்னாடியே ஆகஸ்ட்ல வந்தாச்சு. உண்மையான பின்னணி 1942 பிப்ரவரி 23. அன்னிக்கு ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் கலிஃபோர்னியா கடலோரத்துல சான்டா பார்பரா பக்கத்துல எல்வுட் எண்ணெய் வயல் மேல குண்டு போட்டுது. பக்கத்துலயே லாஸ் பேட்ரஸ் காடு. காட்டுல தீ பிடிச்சா அணைக்க வேண்டிய வயசுப் பசங்க எல்லாம் போருக்குப் போயாச்சு, அப்போ தான் மக்களே கவனமா இருக்கணும்னு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க. 1944-ல டிஸ்னி கம்பெனி பாம்பி மான்குட்டியை போஸ்டருக்கு ஒரு வருஷம் கடன் குடுத்துது, அது நல்லா எடுபட்டுது, ஆனா கடன் மான் எத்தனை நாள் வரும், சொந்தமா ஒரு மிருகம் வேணும்னு தான் கரடி. பலூன்ல செத்தவங்க உண்டு, ஒரேகான் மாநிலம் ப்ளை ஊர்ப் பக்கம் 1945 மே 5 அன்னிக்கு ஒரு கர்ப்பிணியும் அஞ்சு பசங்களும், அது உண்மையான துக்கம், ஆனா அதைக் கரடியோட பொறப்போட முடிச்சுப் போடக் கூடாது.

சுலோகம் விஷயத்துலயும் ஒரு வார்த்தை. 'காட்டுத்தீயை உன்னால மட்டும் தான் தடுக்க முடியும்'ங்கற அந்த வரி முதல் போஸ்டர்ல கிடையாது, அது 1947-ல வந்தது. முதல்ல இருந்தது கவனமா இருந்தா பத்துல ஒம்பது தீயைத் தடுக்கலாம்ங்கற மாதிரி ஒரு வரி. 2001-ல 'ஃபாரஸ்ட் ஃபயர்ஸ்'ங்கறதை 'வைல்ட்ஃபயர்ஸ்'னு மாத்தினாங்க, தமிழ்ல நாம ரெண்டுக்கும் காட்டுத்தீன்னே சொல்றதால மாத்தமே தெரியாம போயிடும், ஆனா காரணம் முக்கியம். எரியறது காடு மட்டும் இல்ல, புல்வெளி, புதர்க்காடு எல்லாம் எரியுது, அப்பறம் காட்டோட நல்லதுக்காக வேணும்னே திட்டம் போட்டு வெக்கற தீயும் இருக்கு, அதுலேந்து இதைப் பிரிச்சுக் காட்டணும். பழைய போஸ்டர் படத்துல புது வரியை ஒட்டி 1950கள் படம்னு பகிர்றாங்க, வருஷம் பாத்து சேருங்க.

பாட்டு பக்கம் திரும்பி வருவோம், 1970கள்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. சி டபிள்யூ மெக்கால் பாடின 'கான்வாய்' பாட்டு 1975-ல வந்து 1976 ஜனவரில அமெரிக்காவுல முதல் இடத்துல இருந்துச்சு. லாரி டிரைவருங்க சிபி ரேடியோல, அதாவது வண்டிலேந்து வண்டிக்கு பேசிக்கற சின்ன ரேடியோல, பேசிக்கற மாதிரி போற பாட்டு, அதுல 'ஸ்மோக்கி', 'பேர்' ரெண்டும் வரும். தமிழ்ல அர்த்தம் எழுதறவங்க சில பேர் அதைக் காட்டுத்தீ கரடின்னே எழுதிடறாங்க, லாரி பாட்டுல கரடி எதுக்குன்னு யோசிக்கவே இல்ல. அங்க ஸ்மோக்கின்னா ஹைவே போலீஸ். ஏன் அப்படி ஒரு பட்டப்பெயர்னா, பல மாநில ஹைவே போலீஸ் போடற தொப்பியும் நம்ம கரடி தொப்பியும் ஒரே ஜாடை, உச்சி நாலு பக்கமும் அமுங்கி, விளிம்பு தட்டையா அகலமா இருக்கும். 1974-ல எண்ணெய் நெருக்கடி, நாடு முழுக்க மணிக்கு 55 மைல் தான் போகணும்னு வேகக் கட்டுப்பாடு வந்துது, லாரிக்காரங்களுக்கு நேரம் தான் காசு, எங்க போலீஸ் நிக்குதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சிபி ரேடியோல சொல்லிகிட்டாங்க, போலீஸ்னு நேரா சொல்ல வேணாமேன்னு கரடின்னு சொன்னாங்க. ஹெலிகாப்டர்ல போலீஸ் வந்தா வானத்துல கரடி, ராடார் வெச்சு மறைஞ்சு நின்னா கரடிப் பொறி. 1977-ல வந்த 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்' படத்துல வர்ற ஸ்மோக்கியும் போலீஸ்காரர் தான், அந்தப் படத்துக்கு ஜெரி ரீட் பாடின பாட்டும் சரக்கு லாரி பாட்டு தான், காட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

அதுக்காக ரெண்டும் வேற வேறன்னு சுத்தமா வெட்டி விடறதும் தப்பு. கரடி போலீஸ் ஆனது அந்தத் தொப்பி வழியா தான். கரடிக்கு நிலையான உருவம் குடுத்தது ரூடி வெண்டலின்ங்கற ஓவியர், 1946-லேந்து 1973 வரைக்கும் அவர் தான் வரைஞ்சுகிட்டே இருந்தார், அவர் வரைஞ்ச தொப்பி ஊர் முழுக்க அவ்வளவு பழக்கமாயிருந்ததால தான் ஒரு போலீஸ்காரர் தலையைப் பாத்ததும் டிரைவருங்களுக்கு கரடி ஞாபகம் வந்துது. மெக்கால்ங்கறது மேடைப் பெயர், நிஜத்துல அவர் பில் ஃப்ரைஸ்னு ஒமாஹா ஊர் விளம்பரக் கம்பெனி ஆளு, ரொட்டி விளம்பரத்துக்காக உருவாக்கின லாரி டிரைவர் வேஷம் அது. விளம்பரத்துல பொறந்த கரடியோட பெயர், விளம்பரத்துல பொறந்த ஒரு பாடகர் வாயில வந்து நாடு முழுக்க கேட்டுது, இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் ஆச்சரியமா தான் இருக்கு.

பாடகர் ஸ்மோக்கி ராபின்சனுக்கும் கரடிக்கும் முடிச்சுப் போடறவங்க உண்டு, போடாதீங்க. டெட்ராய்ட்ல பொறந்தவர், நிஜப் பெயர் வில்லியம், மிராக்கிள்ஸ் குழு, மோட்டவுன் கம்பெனியோட தூண். சின்ன வயசுல கவ்பாய் படம்னா அவருக்கு உயிர், அதுனால மாமா ஒருத்தர் 'ஸ்மோக்கி ஜோ'ன்னு கவ்பாய் பெயர் வெச்சார், அதுல ஸ்மோக்கி மட்டும் ஒட்டிகிச்சு. ராபின்ஸ் குழு 1955-ல பாடின 'ஸ்மோக்கி ஜோஸ் கஃபே'யும் கரடிக்கு சொந்தம் இல்ல. அமெரிக்காவுல அந்தக் காலத்துல ஸ்மோக்கிங்கறது நம்ம ஊர்ல சின்னான், கருப்பு மாதிரி தெருவுக்கு ஒண்ணு இருந்த செல்லப் பெயர், எல்லா ஸ்மோக்கியையும் ஒரே குடும்பமா ஆக்க வேண்டியதில்ல. அதே மாதிரி உட்ஸி ஆந்தையையும் ஸ்மோக்கியையும் மாத்திச் சொல்லாதீங்க, ஆந்தை 1970கள் ஆரம்பத்துல குப்பை போடாதீங்கன்னு சொல்ல வந்தது, அதுவும் காட்டு இலாகாவோடது தான், வேலை வேற.

குரல் விஷயம் ஒண்ணு. 2008-லேந்து ஸ்மோக்கிக்கு குரல் குடுத்த நடிகர் சாம் எலியட் தான் எப்பவும் குடுத்தார்னு நினைக்கறாங்க. பல வருஷம் குடுத்தவர் வாஷிங்டன் ரேடியோல வேலை பாத்த ஜாக்சன் வீவர். ஆனா சாம் எலியட் பொறந்த தேதி 1944 ஆகஸ்ட் 9, கரடி பொறந்த அதே நாள், அதே வருஷம். இது யாரோ கட்டின கதைன்னு நினைச்சு எடுத்துடாதீங்க, நிஜம்.

கரடி படத்தை எடுத்து டிஷர்ட் அடிக்கறவங்க, பாட்டை எடுத்து வீடியோக்கு பின்னாடி போடறவங்க கவனிக்க வேண்டியது இது. அமெரிக்க அரசாங்கம் உருவாக்கினது எல்லாம் பொதுச்சொத்து, யாரும் எடுத்துக்கலாம்னு ஒரு பொதுவான எண்ணம் இருக்கு, பல விஷயத்துல அது சரியும் கூட. ஸ்மோக்கிக்கு செல்லாது. மேல சொன்ன 1952 சட்டமே அதுக்குத் தான், அனுமதி இல்லாம பெயரையோ உருவத்தையோ வெச்சு வியாபாரம் பண்ணக் கூடாது, உரிமக் கட்டணமா வர்ற காசு தீத்தடுப்பு பிரச்சாரத்துக்குப் போகும். பாட்டோ வேற கணக்கு, அது எழுதினவங்க பக்கத்து உரிமை. கரடிக்கு அனுமதி வாங்கினா பாட்டுக்கும் சேத்து வாங்கினதா ஆகாது.

இப்போ சொல்லப் போறது எனக்கு மத்த எல்லாத்தையும் விட முக்கியம். ஸ்மோக்கி பாட்டும் போஸ்டரும் கேட்டு வளந்தவங்க மனசுல ஒரு கணக்கு பதிஞ்சு போச்சு, காட்டுல தீன்னா கெட்டது, எல்லாத்தையும் அணைச்சாகணும்னு. மூணு நிமிஷப் பாட்டுல அதுக்கு மேல சொல்லவும் முடியாது, எழுதினவங்க மேல குத்தம் இல்ல. ஆனா கரடிக்கு முன்னாடியே அந்தக் கொள்கை இருந்துச்சு. 1910-ல வடமேற்குல முப்பது லட்சம் ஏக்கர் எரிஞ்ச பெருந்தீயோட பயம், அதுக்கப்பறம் 1935-ல காட்டு இலாகா ஒரு விதி போட்டுது, எங்க தீ தெரிஞ்சாலும் மறுநாள் காலைல பத்து மணிக்குள்ள அடக்கிடணும். இப்படி வருஷக்கணக்கா எல்லாத் தீயையும் அணைச்சதால சருகும் சுள்ளியும் சின்ன மரமும் அடர்ந்து போய், அப்பறம் பிடிக்கற தீ மர உச்சி வரைக்கும் ஏறுது. கலிஃபோர்னியாவோட ராட்சத செக்கோயா மரத்துக்கு தீ தேவை, சூடு பட்டா தான் கூம்பு காஞ்சு விதை நிறைய கொட்டும், சாம்பல் மண்ணுல தான் கன்னு நல்லா பிடிக்கும். தென்கிழக்குல நீள ஊசி இலை பைன் காடுங்க அடிக்கடி வர்ற தரைத்தீயிலயே வாழ்ந்த காடுங்க. கிளமாத் ஆத்துப் பக்கம் கரூக், யூரோக் மக்கள் கூடை பின்ற ஹேசல் குச்சி நேரா வளரணும்னு தலைமுறை தலைமுறையா அளவா தீ வெச்சவங்க, அதையே குத்தம்னு சொல்லி ரொம்ப காலம் தடுத்து வெச்சாங்க. தேசியப் பூங்கா இலாகா 1968-ல கொள்கையை மாத்திச்சு, காட்டு இலாகா பத்து மணி விதியை 1970கள் கடைசில கைவிட்டுது.

இதைப் படிச்சுட்டு அடுத்த தப்புக்கு ஓடறவங்களும் இருக்காங்க, அப்போ ஸ்மோக்கி சொன்னது எல்லாம் பொய், காட்டைக் கெடுத்ததே அந்தக் கரடி தான்னு. அதுவும் சரியில்ல. கரடி சொல்றது மனுஷன் கவனக்குறைவால வெக்கற தீயைப் பத்தி, அமெரிக்காவுல காட்டுத்தீயில பெரும்பகுதி, நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு கிட்ட, இன்னிக்கும் மனுஷனால தான் பிடிக்குது. 2020 செப்டம்பர்ல கலிஃபோர்னியாவுல எல் டொராடோ தீ, பொறக்கப் போற குழந்தை ஆணா பொண்ணான்னு சொல்றதுக்கு வெச்ச கலர் புகை வெடியால பிடிச்சது, ஒரு தீயணைப்பு வீரர் அதுல உயிரை விட்டார். திட்டம் போட்டு வெக்கற தீயும் கைமீறிப் போகும். ஸ்மோக்கி குட்டி கெடச்ச அதே நியூ மெக்சிகோவுல 2022-ல அந்த மாநிலம் பாத்ததுலயே பெரிய தீ, மூணு லட்சத்து நாப்பதாயிரம் ஏக்கருக்கு மேல, காட்டு இலாகாவே வெச்ச ரெண்டு தீ கைமீறி ஒண்ணா சேந்தது. அதுல ஒண்ணு எப்படின்னா, ஜனவரில மரக்குவியலைக் கொளுத்தி முடிஞ்சுதுன்னு விட்டாங்க, அது பனி பெஞ்சும் அணையாம மண்ணுக்கடில புகைஞ்சுகிட்டே இருந்து ஏப்ரல்ல காத்தடிச்சப்போ வெளில வந்துடுச்சு.

முகாம் நெருப்பு வெக்கறவங்க பண்ற தப்பும் அச்சு அசல் இது தான். கெளம்பறப்போ நெருப்பு மேல மண்ணை அள்ளிப் போட்டு மூடிட்டு போயிடறாங்க, பாக்க அணைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள கங்கு உயிரோட இருக்கும், வேர் வழியா நகர்ந்து வேற எடத்துல கூட கெளம்பும். மூடாதீங்க. 1944 போஸ்டர்ல கரடி பண்ண மாதிரி தண்ணி ஊத்துங்க, சொய்ங்னு வர்ற சத்தம் நிக்கற வரைக்கும் ஊத்துங்க. அப்பறம் மண்வெட்டியால சாம்பலையும் கங்கையும் நல்லா கெளறி விடுங்க, பாதி எரிஞ்ச கட்டையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் ஒட்டியிருக்கறதையும் சுரண்டி விடுங்க, திரும்பவும் ஊத்துங்க. கடைசியா புறங்கையை சாம்பலுக்குப் பக்கத்துல கொண்டு போய்ப் பாருங்க, கைல சூடு தெரிஞ்சா இன்னொரு வாளி.